தோட்ட மருத்துவமனை முதல் மாவட்ட அறுவை அறை வரை: சுங்காய் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத் தென்பகுதியில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே இருக்கிறது சுங்காய். ரப்பர் நின்ற நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை. தோட்டத் தொழிலாளிக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் செலவு யாருடையது? இந்தக் கேள்விக்கு இவ்வட்டாரம் காலந்தோறும் வெவ்வேறு விடை கண்டது. ஏழை நாடுகளின் அறுவை மருத்துவம் குறித்து உலகம் இன்று பேசுவதை விளங்கிக்கொள்ள அந்த வரலாறு உதவும்.

மலாய் கூட்டு மாநிலங்களின் 1912, 1923 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக்கின. பெரிய தோட்டங்கள் தனி மருத்துவமனை வைத்தன; சிறியவை கூடி ஒன்றை நடத்தின. அன்றாடம் நோயாளியைப் பார்த்தவர் டிரஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர். புண் கழுவுவதும், கட்டி கீறுவதும், வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவதும் அவரால் முடிந்தன; வயிற்றைத் திறக்கவேண்டிய நோய் அவர் கையை மீறியது. அதற்குப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு: அந்த ஏற்பாடு முழுவதும் ரப்பர் விலையை நம்பி நின்றது. 1930களின் தொடக்கத்தில் விலை சரிந்ததும் பல்லாயிரம் தமிழர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பிறகு 1951 முதல் 1960 வரை தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்தார். அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் சிறு துண்டுகளை வாங்கியவர்களுக்கு மருத்துவமனை நடத்தும் வலு ஏது?

அடுத்து அந்தப் பொறுப்பு அரசிடம் வந்தது. 1950களில் உருவான கிராமச் சுகாதாரச் சேவை, தோட்டம் தனியார் நிலம் என்பதால் நெடுநாள் அதன் வாசலிலேயே நின்றது. தொழிலாளியைக் காத்தவை தாப்பா, சிலிம் ரிவர், தெலுக் இந்தான், ஈப்போ அரசு மருத்துவமனைகளே. குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் நாளொன்றுக்கு 3 ரிங்கிட். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்ததும் ஈப்போவும் எட்டும் தூரத்துக்கு வந்தது.

உலகில் பெரும்பாலோருக்கு அறுவை மருத்துவம் எட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் ஹாஃப்டான் மாலர் 1980இலேயே எச்சரித்தார். 2015இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் அத்தகையோரை 500 கோடி எனக் கணக்கிட்டது. வயிற்று அறுவை, சிசேரியன், திறந்த எலும்பு முறிவுச் சிகிச்சை ஆகிய மூன்றும் 2 மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கவேண்டும் என்பது அது வைத்த அளவுகோல். சுங்காய் அதில் தேறுவதற்குக் காரணம் சாலை, குறைந்த கட்டணம், மாவட்ட மருத்துவமனை. விலையுயர்ந்த கருவி அன்று.

கட்டிய மருத்துவமனை நிலைப்பது எப்படி என்பதற்கு மதுரையைப் பார்க்கவேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் வழியாகக் கண்வில்லைகளைத் தானே செய்யத் தொடங்கி விலையை இறக்கியது. கருவிகளை முறையாகக் கிருமிநீக்கித் திரும்பப் பயன்படுத்துகிறது. 2017இல் வெளியான ஆய்வின்படி, அங்கே ஒரு கண்புரை அறுவையால் உண்டாகும் கரியமில வாயு சுமார் 6 கிலோ; பிரிட்டனில் சுமார் 130 கிலோ. ஒருமுறை பயன்படுத்தி எறியும் இறக்குமதிப் பொருளை நம்பும் மாவட்ட மருத்துவமனை, ரப்பர் விலையை நம்பிய தோட்ட மருத்துவமனையைப் போலவே பிறர் கையில் இருக்கிறது. மலிவையும் மாசுக் குறைவையும் ஒருசேரத் தரும் அரவிந்தின் வழியே ஏழை நாடுகளுக்கு ஏற்றது என்பேன்.

மீண்டும் சுங்காய்க்கு வருவோம். இன்று அங்கே செம்பனைக் குலை வெட்டுவோரில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் பன்மடங்கு. 2019 முதல் வேலையிட விபத்துக்கு சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் காப்பு அவர்களுக்கும் உண்டு. குடல்வால் வீங்கினால் அது உதவாது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு மருத்துவமனைக் காப்புறுதியை 2011இல் கட்டாயமாக்கிய அரசு, தோட்டத் துறையை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டது. நம் பாட்டன்மார் பட்ட பாடு அதே மண்ணில் வேறொருவருக்குத் தொடரக்கூடாது. தோட்டத் துறைக்கும் அந்தக் காப்புறுதி கட்டாயமாகவேண்டும். அதைக் கேட்கும் கடமை தோட்டத்திலிருந்து வந்த நமக்கே முதலில் உண்டு.