வீழ்ந்தோரும் நிலைத்தோரும்

கிறிஸ்தவ வாழ்வைத் தொடங்குவோர் பலர். அதனை இறுதி மூச்சுவரை காத்துக்கொள்வோர் யாவர் என்பதே கேள்வி. திருமுழுக்கு நாளில் அளித்த வாக்குறுதிகளை நாம் ஆண்டுதோறும் பாஸ்கா இரவில் புதுப்பிக்கிறோம். ஒருமுறை தந்த வாக்கைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டியிருப்பதிலிருந்தே, அது எத்துணை எளிதில் தளரக்கூடியது என்பது விளங்கும். இடையில் தவறியவர் இறுதிவரை நிலைத்தவர்களுள் எண்ணப்படுவாரா? ஒருமுறை வென்றவர் என்றென்றும் வென்றவர்தாமா? இவ்வினாக்கள் ஏட்டறிவுக்காக எழுந்தவை அல்ல. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில், கார்த்தேஜ் நகரில், கண்ணீருக்கும் கலகத்திற்கும் நடுவே இவற்றிற்கு விடை காண வேண்டிய கட்டாயம் திருச்சபைக்கு ஏற்பட்டது. அந்த விடையைத் தேடியவர்களுள் முதன்மையானவர் அந்நகரின் ஆயர் புனித சிப்ரியான்.

சான்றிதழின் விலை

கார்த்தேஜ் வட ஆப்பிரிக்கக் கரையில், இன்றைய தூனிசியாவில் அமைந்திருந்த பெருநகர். அங்கே நாவன்மைக் கலை பயிற்றுவித்துப் புகழ்பெற்றிருந்த சிப்ரியான், ஏறத்தாழ 246-இல் திருமுழுக்குப் பெற்றார். தம் சொத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கென விற்றார். மூன்றாண்டுகள் முடியுமுன்னரே மக்கள் அவரை ஆயராக வேண்டினர். அவர் பொறுப்பேற்ற சிறிது காலத்திலேயே புயல் எழுந்தது.

249-இல் அரியணை ஏறிய பேரரசன் தேசியுஸ், பேரரசின் மக்கள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டுமென ஆணையிட்டான். ஊர்தோறும் குழுக்கள் அமைக்கப்பட்டன. பலியிட்டு, பலியுணவை உண்டவருக்கு அதற்கான சான்றிதழ் வழங்கப்பட்டது. எகிப்து நாட்டு மணலிலிருந்து இத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன. பெயர், ஊர், தான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்ததாக ஓர் உறுதிமொழி, அதிகாரிகளின் ஒப்பம் என அவை வறட்சியான அலுவலகத் தாள்களாகவே காட்சியளிக்கின்றன. அந்தத் தாளைப் பெற மறுத்தவரைச் சிறையும் நாடுகடத்தலும் சித்திரவதையும் காத்திருந்தன. 250 ஜனவரி 20-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை ஃபபியான் மறைசாட்சியாக இறந்தார்.

கார்த்தேஜில் நிகழ்ந்ததைச் சிப்ரியான், வீழ்ந்தோரைப் பற்றிய தம் நூலில் நெஞ்சு குமுறி வரைந்துள்ளார். பிடிக்க வருமுன்னரே மக்கள் தாமாகவே கோயில் மேட்டுக்கு விரைந்தனர். மாலையாகிவிட்டதென்று அதிகாரிகள் மறுநாள் வரச் சொன்னபோதும், அன்றே முடித்துத் தரும்படி மன்றாடினர். கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்றனர். வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் பெற்றுக்கொண்டனர். நீண்ட கால அமைதியில் விசுவாசம் பழக்கமாகிவிட்டிருந்தது. உடைமையைப் பிரிய மனமில்லாதவர்களை உடைமையே கட்டிப்போட்டது என்பது ஆயரின் கணிப்பு.

ஆயினும் அனைவரும் ஒரே விதமாக வீழ்ந்தனர் என்பதற்கில்லை. போனா என்னும் பெண்ணைக் கணவனே பலிபீடத்திற்கு இழுத்துச் சென்றான். அவளுடைய கைகளைப் பிறர் பிடித்துப் பலியிட வைத்தனர். இதைச் செய்தவள் தான் அல்ல, அவர்களே என்று அவள் உரக்கக் கூறினாள், நாடுகடத்தப்பட்டாள். நினுஸ், கிளெமெந்தியானுஸ், புளோருஸ் என்னும் மூவர் முதல் விசாரணையிலும் கும்பலின் தாக்குதலிலும் அசையாது நின்றனர். பின்னர் மாநில ஆளுநரின் முன் நெடுநேரம் வதைக்கப்பட்டபோது உடல் தாங்காமல் பணிந்தனர். உள்ளம் பணியவில்லை என்பதற்கு அவர்கள் மூன்றாண்டுகள் இடைவிடாது தவம் செய்ததே சான்று.

மறைந்திருந்த மேய்ப்பர்

இவ்வேளையில் சிப்ரியான் எங்கிருந்தார்? மறைவிடத்தில் இருந்தார். ஆயர் வெளிப்பட்டால் மந்தைக்கு மேலும் கேடு விளையும் எனக் கருதி அவர் நகரை விட்டு விலகியிருந்தார். உரோமைக் குருக்கள் எழுதிய ஒரு மடலில், ஓநாய் வரக் கண்டு ஓடும் கூலியாளைப் பற்றிய குத்தல் தொனித்தது. சிப்ரியான் சினந்து வாதிடவில்லை. மறைவிலிருந்து தாம் எழுதிய 13 மடல்களின் படிகளை உரோமைக்கு அனுப்பிவைத்தார். சிறைப்பட்டோருக்கு ஊக்கம், ஏழைகளுக்கு உதவி, குருக்களுக்கு அறிவுரை என்று அவை அவருடைய பணிக்குச் சாட்சி கூறின. எனினும், ஓடிப்போனவர் என்ற சொல் அவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

வீழ்ந்தோர் திரும்பி வரத் தொடங்கியபோது சிக்கல் முற்றியது. சிறையில் துன்புற்றும் கிறிஸ்துவை மறுதலியாதவர்கள் 'விசுவாச அறிக்கையாளர்' எனப் போற்றப்பட்டனர். அவர்களுள் சிலர், வீழ்ந்தோரை உடனே ஏற்றுக்கொள்ளும்படி பரிந்துரைச் சீட்டுகளை அள்ளி வழங்கினர். இன்னாரும் அவரைச் சேர்ந்தோரும் எனப் பொதுப்பட எழுதப்பட்ட சீட்டுகளும் அவற்றுள் இருந்தன. அரசின் சான்றிதழால் வீழ்ந்தவர்கள் இப்போது வேறொரு சீட்டால் எழுந்துவிட முயன்றனர். மனந்திரும்புதலுக்கு அங்கே இடமேயில்லை.

உரோமையிலோ எதிர்முனை எழுந்தது. நொவாசியான் என்னும் கல்விமிக்க குரு, 251-இல் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை கொர்னேலியுவுக்கு எதிராகத் தம்மையே ஆயராக்கிக்கொண்டார். வேதகலாபனையில் மறுதலித்தவருக்குத் திருச்சபை மன்னிப்பு வழங்கலாகாது என்பது அவர் கொள்கை. தூயோர் மட்டுமே கூடும் சபை என்னும் அந்தக் கனவு சில நூற்றாண்டுகள் நீடித்துப் பின்னர் மறைந்தது.

251-ஆம் ஆண்டு பாஸ்காவுக்குப்பின் கார்த்தேஜில் கூடிய ஆயர் பேரவை இரு முனைகளையும் விலக்கியது. ஒவ்வொருவர் நிலையும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும். சான்றிதழ் மட்டும் பெற்றவர் விசாரணைக்குப்பின் ஏற்கப்படலாம். பலியிட்டவர் நெடுந்தவம் புரிய வேண்டும். ஆயினும் சாகும் தறுவாயில் அவருக்கும் ஒப்புரவு மறுக்கப்படலாகாது எனத் தீர்மானித்தது. ஓரிரு ஆண்டுகளில் புதிய வேதகலாபனையின் அறிகுறிகள் தோன்றின. அப்போது மற்றொரு பேரவை, தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும் உடனே ஏற்றுக்கொள்ள முடிவு செய்தது. கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தும்படி ஒருவரை அழைத்துவிட்டு, கிறிஸ்துவின் திரு இரத்தத்தை அவருக்கு மறுப்பது எங்ஙனம் என்பது ஆயர்களின் வாதம். நற்கருணை அங்கே வென்றவருக்குத் தரும் பரிசாக அன்று, போருக்குச் செல்பவருக்கு ஊட்டும் உணவாகக் காணப்பட்டது. இத்தீர்மானத்தை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். நேற்று தவறியவரும் நாளை மறைசாட்சியாகலாம் என்று திருச்சபை நம்பியது.

அந்நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. காஸ்துஸ், எமிலியுஸ் என்னும் இருவர் முதல் சோதனையில் தோற்றனர். இரண்டாம் முறை நெருப்புக்கு அஞ்சாது நின்று உயிர் துறந்தனர். திருச்சபை அவர்களை மறைசாட்சிகளாகவே வணங்குகிறது. அதே வேளையில், வென்றவர்களையும் சிப்ரியான் எச்சரிக்கத் தவறவில்லை. சிறையிலிருந்து மீண்டவர்களுள் சிலர் செருக்கிலும் குடியிலும் விழுந்ததை அவர் கண்டார். விசுவாசத்தை அறிக்கையிடுவது மாட்சியின் தொடக்கமேயன்றி, முடி சூடுவதற்கு அதுவே போதாது என்று அவர்களுக்கு உணர்த்தினார்.

ஆயரின் இறுதி நாள்

257-இல் பேரரசன் வலேரியனின் ஆணை ஆயர்களையும் குருக்களையும் குறிவைத்தது. ஆகஸ்டு 30-ஆம் நாள் ஆளுநர் பத்தேர்னுஸ் முன் நின்ற சிப்ரியான், குருக்களின் பெயர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். கூரூபிஸ் என்னும் கடற்கரை ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். 258 ஆகஸ்டு 6-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துஸ் கொல்லப்பட்டார். தம் முறை நெருங்கியதைச் சிப்ரியான் அறிந்தார்.

அதற்குள் அவர் கார்த்தேஜில் உள்ள தம் தோட்ட இல்லத்துக்குத் திரும்பியிருந்தார். ஊத்திக்கா நகரில் தங்கியிருந்த புதிய ஆளுநர் அவரை அங்குக் கொண்டுவர ஆளனுப்பியபோது, அவர் சிறிது காலம் மறைந்துகொண்டார். இம்முறை மறைந்ததன் காரணத்தைத் தம் மக்களுக்கு எழுதினார். ஓர் ஆயர் தம் சொந்த நகரில், தம் மக்கள் நடுவே ஆண்டவரை அறிக்கையிடுவதே தகுதி என்பது அவர் எண்ணம். ஆளுநர் கார்த்தேஜ் திரும்பியதும் தாமும் தம் இல்லத்திற்கு வந்து காத்திருந்தார்.

செப்டம்பர் 13 அன்று கைதானார். அவர் வைக்கப்பட்டிருந்த வீட்டின்முன் மக்கள் இரவு முழுவதும் விழித்திருந்தனர். அக்கூட்டத்திலிருந்த இளம்பெண்களைப் பாதுகாக்கும்படி அவர் சொல்லியனுப்பினார். தலைக்கு மேல் வாள் தொங்கிய வேளையிலும் மேய்ப்பரின் கவலை அதுவே. மறுநாள் தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது இறைவனுக்கு நன்றி கூறினார். தம்மைக் கொல்லவிருந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கப் பணித்தார். மக்கள் துணிகளை அவர்முன் விரித்தனர். தம் கண்களைத் தாமே மூடிக்கொண்டார். தம் கைகளைத் தாமே கட்டிக்கொள்ள இயலாமையால் ஒரு குருவும் ஒரு துணைத் திருத்தொண்டரும் கட்டினர். இவ்வாறு, எட்டு ஆண்டுகளுக்குமுன் ஓடிப்போனவர் எனப் பழிக்கப்பட்டவர், ஓடாமல் நின்று முடிந்தார்.

நமக்கு

இறுதிவரை நிலைத்திருத்தல் மாபெரும் கொடை என்றும், அது தமக்கு உறுதி என்று தனிப்பட்ட இறை வெளிப்பாடின்றி எவரும் முற்ற முழுக்கக் கூறிக்கொள்ள இயலாது என்றும் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1547-இல் கற்பித்தது. கார்த்தேஜின் வரலாறு இதனையே முகங்களோடும் பெயர்களோடும் நமக்குக் காட்டுகிறது. அங்கே நின்றவர் வீழ்ந்தனர்; வீழ்ந்தவர் நின்றனர். ஆகையால் நமது நேற்றைய வெற்றியில் நாம் இறுமாப்படைவதற்கில்லை. நேற்றைய தோல்வியால் நம்பிக்கையிழப்பதற்கும் இல்லை.

நமக்குத் தேசியுஸின் ஆணை வருவதில்லை. ஆனால் ஊதியத்திற்காக ஒரு பொய்க் கையொப்பம், உறவுக்காக ஒரு மௌனம், சலிப்பினால் கைவிடப்பட்ட செபம் எனச் சிறு சிறு சான்றிதழ்களை நாமும் வாங்கிக்கொள்கிறோம். அவற்றைக் கிழித்தெறிய ஒப்புரவு அருள்சாதனம் திறந்திருக்கிறது. பங்கில் பல்லாண்டு காணாமற்போன ஒருவர் ஒரு ஞாயிறன்று கடைசி வரிசையில் வந்து அமரும்போது, நாம் நொவாசியானின் கண்களோடு அவரை நோக்குகிறோமா, கார்த்தேஜ் ஆயர்களின் கண்களோடு நோக்குகிறோமா? அவருடைய கணக்கு இன்னும் முடியவில்லை, நம்முடையதும் முடியவில்லை. முடியும் நாளில் நாம் நிற்கக் காணப்படுமாறு, ஒருவருக்காக ஒருவர் மன்றாடுவோம்.