துளைகளும் பெயர்களும்

கம்ப்யூட்டரின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் 1890ஆம் வருஷத்து அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கெடுப்பை ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லி வருகிறார்கள். அதன் பின்பாதி அவர்களுக்கு வேண்டியிருப்பதில்லை.

1880இல் எடுத்த கணக்கைக் கையால் தொகுத்து முடிக்க ஏழு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. ரயில் கண்டக்டர் ஒருவர் பிரயாணியின் அடையாளங்களை டிக்கெட்டில் துளையிட்டுக் குறிப்பதைப் பார்த்திருந்த ஹெர்மன் ஹாலரித் என்ற எஞ்சினீயர், அதையே ஒரு தேசத்துக்கு விரித்தார். ஆளுக்கு ஓர் அட்டை. ஆணா பெண்ணா, வயது, பிறந்த இடம், தொழில் எல்லாம் துளைகள். அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும். துளையுள்ள இடத்தில் ஊசி அடியிலுள்ள பாதரசத்தைத் தொடும். மின்சாரம் ஓடி, முள் ஓர் இலக்கம் நகரும். சுமார் 6 கோடியே 26 லட்சம் பேர் இப்படித் துளைகளானார்கள். அட்டை ஏற்காதது ஒன்றுதான்: பெயர். பெயர்களைக் கூட்ட முடியாதல்லவா?

பெயர்கள் காகிதத்திலேயே தங்கின. 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வர்த்தக இலாகா கட்டடத்தின் நிலவறையில் தீப்பிடித்தது. கால்வாசி எரிந்தது, மிச்சத்தில் பாதி புகையாலும், தீயை அணைத்த தண்ணீராலும் கெட்டது. தீயைக் குறை சொல்வது சுலபம். ஆனால் கெட்டதும் கெடாததுமாக எஞ்சியவற்றை, வேண்டாத காகிதங்களின் பட்டியலில் சேர்த்து, அழித்துவிட அனுமதித்தது அமெரிக்கக் காங்கிரஸ், 1933 பிப்ரவரி 21இல். அதற்கு முதல் நாள்தான் ஜனாதிபதி ஹூவர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். ஒரு கதாசிரியன் இப்படி எழுதியிருந்தால் செயற்கை என்று ஒதுக்கியிருப்போம். பின்னாளில் தப்பிக் கிடைத்த துண்டுகளில் இருப்பவை ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள்.

ஹாலரித்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. எண்ணச் சொன்னார்கள், எண்ணினார். எண்ணிக்கை கைக்கு வந்ததும் மூலம் 'மிச்சம்' ஆகிவிடுகிற அந்த இடம்தான் என்னை உறுத்துகிறது.

நான் பாங்க் குமாஸ்தா. எங்கள் கிளையின் கணக்குகளை நான் சேர்வதற்கு முன்பே ஸிஸ்டத்தில் ஏற்றிவிட்டார்கள். லெட்ஜர்கள் பின்னறையில் கிடந்தன. ஒன்றில் ஒரு பெயருக்கு எதிரே பென்ஸில் எழுத்து: 'கண் தெரியாது. படித்துக் காட்டவும்.' ஸிஸ்டத்தில் தேடிப் பார்த்தேன். பெயர், நம்பர், பைசா பிசகாத பாக்கி எல்லாம் இருந்தன. அந்த வரிக்கு மட்டும் கட்டம் இல்லை.

போன வருஷம் லெட்ஜர்களைக் கழிக்க உத்தரவு வந்தது. பட்டியலை நான்தான் தயாரித்துக் கொடுத்தேன்.