தமிழ் இதழ்களின் கைவேலைப் பக்கம்: பெக்கோக் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

தமிழ் இதழியல் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தலையங்கங்களையும் தொடர்கதைகளையும் அரசியல் நிலைப்பாடுகளையுமே கருத்திற் கொண்டு எழுதியுள்ளனர். மகளிர் இதழ்களைப் பற்றிய ஆய்வுகளும் இப்போக்கினின்று பெரிதும் விலகவில்லை. 1899இல் தோன்றிய ‘மாதர் மனோரஞ்சனி’, 1905இல் பாரதியாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த ‘சக்கரவர்த்தினி’, வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் ஏற்று நடத்திய ‘ஜகன்மோகினி’ ஆகியவை பெண்கல்வி, இளமை மணம், கைம்மை முதலியன குறித்துக் கூறியவை பலவாறு ஆராயப்பட்டுள்ளன. ஆனால், பிற்கால மகளிர் இதழ்களிலும் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளிலும் சமையற் குறிப்புக்கு அருகில் ஒரு மூலையில் இடம்பெற்ற பின்னல், பூத்தையல், கோலம் ஆகியவற்றின் பக்கம் ஆய்வாளர் கண்ணிற் படவில்லை. அதனை நாம் இடம் நிரப்பும் சரக்காகவே கருதி வந்துள்ளோம்.

இது சரியன்று என்பது நமது கருத்து. கதையை வாசிப்பவர் வாசித்ததோடு நின்றுவிடலாம். கைவேலைப் பக்கத்தை வாசிப்பவரோ அதனைத் தம் கையாற் செய்து பார்க்கிறார். அப்பக்கம் பிழைபட்டால் அவர் வாங்கிய நூலும் செலவிட்ட நேரமும் வீணாகின்றன. ஆகவே, அத்தகைய பக்கத்தை உருவாக்குவோர்க்குக் கதைப்பக்கத்தாருக்கு இல்லாத பொறுப்பொன்று உண்டு. அப்பொறுப்பை யார் சுமந்தனர், அவர்கள் எம்மொழியில் எழுதினர், எழுத்தறிவு குறைந்த வாசகியரிடம் அது எவ்வாறு சென்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரு அச்சு நகரங்களுக்கு இடையே

இவ்வினாக்களை எழுப்புவதற்குப் பெக்கோக் பொருத்தமான இடம். ஜொகூரின் வடபகுதியில், சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் இது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இப்பாதை 1909இல் நிறைவுற்றது. பாதையின் இருமருங்கும் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின; தோட்டங்களோடு தமிழ்த் தொழிலாளரும் வந்தனர். மலாயாத் தமிழ் அச்சுலகின் இரு மையங்களும் இதே இரயில் தொடர்பின் இரு திசைகளில் இருந்தன. வடக்கே கோலாலம்பூரில் 1924இல் ‘தமிழ் நேசன்’ தொடங்கப்பெற்றது. தெற்கே சிங்கப்பூரில் 1935இல் ‘தமிழ் முரசு’ தோன்றியது. இவற்றுடன் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த வார, மாத இதழ்களும் இருந்தன. பெக்கோக் போன்ற ஊர் எந்த இதழும் அச்சேறாத ஊர். ஆயினும் இரு திசைகளிலிருந்தும் அச்சுத்தாள் வந்து சேரக்கூடிய ஊர். இதழியலை ஆசிரியர் அறையிலிருந்து நோக்காமல் வாசகர் இருந்த இடத்திலிருந்து நோக்க விரும்புவோர்க்கு இத்தகைய ஊரே வாய்ப்பானது.

அவ்வாசகியர் யாவர்? தோட்டங்களில் கிராணிமார், ஆசிரியர் ஆகியோரின் குடும்பங்களைத் தவிர, பெண்களிடையே பள்ளிக் கல்வி மிகக் குறைவு. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி அமைய வேண்டுமெனக் கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால், பெண்பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள இடையிலேயே நிறுத்தப்படுவது வழக்கமாக இருந்தது. விடியுமுன் மரம் வெட்டப் போய், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்குப் பிற்பகலில்தான் கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வும் தண்ணீரும் விறகும் அடுப்பும் போக எஞ்சியதே. கைவேலை அந்த எச்ச நேரத்துக்கு உரியது. வெப்ப நாட்டில் கம்பளிப் பின்னல் எதற்கு என ஐயுறலாம். பிறந்த குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும், வானொலிப் பெட்டிக்கும் மேசைக்கும் விரிப்பு, வாசலுக்குத் தோரணம் என அதன் பயன் இங்கே வேறு வடிவம் கொண்டது. குல்லாய் தவிர ஏனையவை பெரும்பாலும் பருத்தி நூலில் குரோஷா ஊசியால் ஆனவை.

பின்னற் குறிப்பின் உருவாக்கம்

ஒரு பின்னற் குறிப்பு எவ்வாறு அச்சுக்கு வருகிறது என்பதை ஈண்டு விளக்குதல் தகும். பின்னல் இதழ்கள் நன்கு வளர்ந்த இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். எடின்பரோவைச் சேர்ந்த ஜேன் கோகன் அம்மையார் 1840இல் வெளியிட்ட நூலிலேயே பின்னல் வகைகளைக் குறிக்கத் தனி எழுத்துக் குறியீடுகளைக் கையாண்டார். 1911இல் தொடங்கிய ‘விமன்ஸ் வீக்லி’, 1932 முதல் 1982 வரை வெளிவந்த ‘ஸ்டிச்கிராஃப்ட்’ போன்றவற்றால் அத்தகைய சுருக்கக் குறியீடு இல்லத்தரசியர்க்குப் பழகிய மொழியாயிற்று.

இத்தகைய இதழில் ஓர் உடுப்பின் குறிப்பு வெளிவரப் பலருடைய கைகள் வேண்டும். வடிவமைப்பவர் ஓவியத்தையும் சிறிய பின்னல் மாதிரி ஒன்றையும் தருவார். தேர்ந்தெடுக்கப்பட்டபின் உடுப்பு முழுவதும் பின்னப்படும். அதன்பின் வருபவர்தான் முக்கியமானவர்: எண்களைச் சரிபார்ப்பவர். பத்துச் சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் என்பது குறிப்பின் அடிப்படை அளவென்று கொள்வோம். 40 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள குழந்தைக் குல்லாய்க்கு 88 கண்ணிகள் தேவைப்படும். வாசகியின் கை சற்று இறுக்கமாகப் பின்னும் கையாகி, அதே பத்துச் சென்டிமீட்டரில் 26 கண்ணிகள் விழுந்தால், அந்த 88 கண்ணிகளும் 34 சென்டிமீட்டருக்கும் குறைந்த குல்லாயையே தரும். குழந்தையின் தலையில் அது ஏறாது. ஆகவேதான் குறிப்பை வடிவமைத்தவரே சோதித்தால் போதாது. வேறொரு கையும் பின்னிப் பார்க்க வேண்டும். நல்ல இதழ்கள் இதற்கென வெளியாட்களை வைத்திருந்தன. அவர்கள் பெயர் அச்சில் வருவது அரிது. கதையில் ஓர் எழுத்துப் பிழைபட்டால் வாசகரே திருத்திக்கொள்வார். பின்னற் குறிப்பில் 88 என்பது 68 என அச்சானால், பல இரவுகள் பின்னி முடித்த பின்னரே பிழை தெரியவரும்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. இத்தகைய இதழ்கள் நூல் விற்கும் நிறுவனங்களை அண்டியே வாழ்ந்தன. குறிப்பில் பெயர் சுட்டப்படும் நூல் பெரும்பாலும் விளம்பரதாரரின் நூல். அந்த நூல் கிடைக்காத ஊரில் வாழும் வாசகி கையில் கிடைத்ததைக் கொண்டு கணக்கை மாற்றியாக வேண்டும். பெக்கோக் போன்ற ஊரில் இது விதிவிலக்கன்று, நடைமுறையே ஆகும்.

தமிழில் எழுந்த சிக்கல்

இக்குறிப்புகள் தமிழுக்கு வந்தபோது இரு வழிகள் இருந்தன. ஒன்று, ‘பிளெயின்’, ‘பர்ல்’, ‘செயின்’, ‘டிரெபிள்’ என ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழெழுத்தில் தருவது. மற்றொன்று தமிழாக்குவது. பூத்தையலில் இரண்டாவது வழி வெற்றி பெற்றது. சங்கிலித் தையல், காம்புத் தையல், குறுக்குத் தையல் என்பன பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்று நிலைத்தன. காரணம் எளிது: இச்சொற்கள் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைச் சொல்கின்றன. ஊசிப் பின்னலிலும் குரோஷாவிலும் முதல் வழியே மேலோங்கியது. அதில் ஒரு பொறி இருந்தது. இங்கிலாந்தில் ‘டபுள் குரோஷே’ எனப்படுவது அமெரிக்காவில் ‘சிங்கிள்’ எனப்படும்; இங்கிலாந்தின் ‘டிரெபிள்’ அமெரிக்காவின் ‘டபுள்’. மூலம் எந்நாட்டினது எனக் குறிக்காமல் பெயர்த்தெடுத்த குறிப்பை நம்பிய வாசகிக்கு விரிப்பின் உயரமே மாறிப்போகும். பிரிட்டிஷ் இதழ்களும் அமெரிக்க இதழ்களும் ஒரே கடையில் விற்ற மலாயாவில் இக்குழப்பத்துக்கு இடம் மிகுதி. மொழிபெயர்த்தவர் பின்னத் தெரிந்தவரா என்பது இங்கே இலக்கணம் தெரிந்தவரா என்பதைவிடப் பெரிய வினா.

ஆனால், தமிழ்ப் பெண்களிடம் ஏற்கெனவே வடிவக் குறியீடு ஒன்று இருந்தது. அது கோலம். ‘15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை’ என்று ஓர் இதழ் அச்சிடுகிறது. இதனைக் காணும் வாசகி நடுவரிசையில் 15 புள்ளிகள் வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்துவாள். மொத்தம் 15 வரிசைகள், 169 புள்ளிகள். இரண்டு எண்களும் ஒரு சொல்லும் 169 புள்ளிகளை அறுகோண வடிவில் நிறுத்திவிடுகின்றன. இவ்வளவு செறிவான குறிப்பு ஆங்கிலப் பின்னல் இதழ்களிலும் எளிதிற் காணக்கிடைப்பதன்று என்பது நமது மதிப்பீடு. அன்றியும், கோலம் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும். சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் கோடு மூடாது; சமச்சீர் குலைந்தது உடனே கண்ணிற் படும். எழுத்தாலான பின்னற் குறிப்புக்கு இவ்வியல்பு இல்லை.

அப்படியாயின், பின்னற் குறிப்பையும் கட்டங்களும் புள்ளிகளுமாகத் தராமல் நீண்ட எழுத்து வரிகளாகத் தந்தது ஏன்? விடை அச்சகத்தில் இருக்கிறது. எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தில் சொற்களைக் கோப்பதற்குத் தனிச் செலவில்லை. படமென்றால் துத்தநாக ‘பிளாக்’ செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். ஒரு பக்கத்துக்கு ஒரு பிளாக் என்று கணக்குப் பார்க்கும் இதழ், அதனைக் கோலத்துக்கோ நடிகையின் படத்துக்கோதான் ஒதுக்கும். பின்னலுக்கு எழுத்தே மிஞ்சும். எழுத்தை விட வடிவத்தை வாசிப்பதில் தேர்ந்த வாசகியர்க்கு எழுத்தாகவே குறிப்புச் சென்றது இவ்வாறுதான். ‘ஆஃப்செட்’ அச்சு வந்து படத்தின் செலவு குறைந்த பின்னரே மார்கழிக் கோல இணைப்புகளும் பூத்தையல் மாதிரிகளும் பக்கம் பக்கமாகப் பெருகின. 1981இல் தொடங்கிய ‘மங்கையர் மலர்’ முதலிய இதழ்கள் இக்காலத்தவை.

குறியீட்டை வாசகியரே படைத்துக்கொண்ட துறையும் ஒன்றுண்டு. பிளாஸ்டிக் ஒயர் கூடைப் பின்னலில் ‘சிவன் கண்’, ‘நெல்லிக்காய்’, ‘பிஸ்கட்’ என வழங்கும் முடிச்சுப் பெயர்களை எந்தக் கலைச்சொல் குழுவும் ஆக்கியதாகத் தெரியவில்லை. பின்னியவர்கள் இட்ட பெயர்களை இதழ்கள் பின்னர் ஏற்றுக்கொண்டன என்பதே பொருத்தமான விளக்கம். ஆசிரியர் அறையிலிருந்து இறங்கி வந்த ‘பர்ல்’ என்ற சொல்லையும் வாசலிலிருந்து ஏறிச்சென்ற ‘சிவன் கண்’ என்ற சொல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தமிழ்க் கைவேலை மொழி எங்கே வேர்பிடித்தது என்பது விளங்கும்.

பெயரில்லாக் கைகள்

கைவேலைக்குப் பின்னால் இருக்கும் கைகள் மறைவது பழைய செய்தி. நாகர்கோவிலில் 1819இல் வந்து சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னலும், அவர் மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா இடையன்குடியில் 1844இல் தொடங்கிய லேஸ் பள்ளியும் வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. அவ்விரு பெண்மணியரின் பெயரை நாம் அறிவோம். தலையணையின்மீது துளையிட்ட அட்டையை வைத்து, துளைக்குத் துளை ஊசி குத்தி நூலோட்டிய தமிழ்ப் பெண்களின் பெயர்களை அறியோம். அவர்களுட் சிலர் அவ்வருவாயைக் கொண்டே அடிமைத் தளையிலிருந்து விடுதலை பெற்றனர் என்பதை எண்ணும்போது இம்மறதி மேலும் உறுத்துகிறது.

இதழுலகில் ஒரு விதிவிலக்கு உண்டு. பள்ளி சென்று பயிலாத கோதைநாயகி அம்மாள் தம் முதற்படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் அதனை எழுதினார். 1924இல் அந்நூல் வெளிவந்தது. மறுஆண்டு அவர் இதழாசிரியரானார். எழுதிய கையின் பெயர் நமக்குக் கிடைத்திருப்பது அதனை ஒருவர் நன்றியோடு சொல்லி வைத்ததால்தான். கைவேலைப் பக்கத்துக்கு அப்படிச் சொல்லி வைத்தவர் இல்லை. பின்னிப் பார்த்தவர், கட்டத்தாளில் வரைந்தவர், ஆங்கில இதழிலிருந்து பெயர்த்தவர் எவரும் பக்கத்தின் அடியிற் பெயர் பெறவில்லை.

மலேசியாவில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைந்துள்ளது. ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோயிற்று. நாளிதழ்களின் பழைய தொகுப்புகளைப் பாதுகாப்பது பற்றிப் பேசும்போது நாம் முதற்பக்கங்களையே நினைக்கிறோம். கைவேலைப் பக்கமோ வெட்டி எடுக்கப்படுவதற்காகவே அச்சானது. பயன்பட்ட படி நூலகத்தில் இராது. பிஸ்கட் டின்னிலும் தையற்பெட்டியிலும் பழைய பள்ளி நோட்டின் தாள்களுக்கு இடையிலும் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் லயத்தை விட்டுக் குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தபோது கடவுள் படங்களையும் திருமணப் படங்களையும் எடுத்துச் சென்றவர்கள் இத்துண்டுகளை எடுத்துச் சென்றார்களா என்று நாம் கேட்டதில்லை.

சென்னையில் 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த தொகுப்பிலிருந்து எழுந்தது என்பதை நினைவுகூர்தல் தகும். பெக்கோக், லாபிஸ், பாலோ வட்டாரத்தில் மாணவர்களைக் கொண்டு செய்யத்தக்க களப்பணி இதனினும் எளியது. துண்டுகளைச் சேர்க்கும்போது முன்பக்கத்தை மட்டும் படியெடுத்தல் கூடாது. பின்பக்கத்தில் பாதியாய் நிற்கும் செய்தியும் விளம்பரமுமே அதன் காலத்தையும் இதழையும் காட்டும். ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண்களை அழுக்கென்று ஒதுக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும்: 88 என்பதை அடித்து 76 என்று ஒரு தாய் எழுதியிருந்தால் அவள் இதழைத் திருத்தியிருக்கிறாள். கோல நோட்டுகளையும் உடன் சேர்க்க வேண்டும். குறிப்பை வைத்திருக்கும் மூதாட்டியர் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் பேட்டி காண்பதோடு நில்லாது, அக்குறிப்பைப் பார்த்து ஒரு வரிசையேனும் பின்னிக் காட்டுமாறு கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். அச்சில் இருப்பதற்கும் அவர்கள் செய்வதற்கும் இடையே எங்கெங்கு வேறுபாடு தோன்றுகிறது என்பதை அப்போதே அறிய இயலும்.