மிளகும் உப்பும்: விலை வேறுபாட்டின் வரலாறு

விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று திரும்பும் நம்மவர் பெட்டியைத் திறந்து பார்த்தால், அதனுள் ஒரு சிறு பலசரக்குக் கடையே அடங்கியிருக்கும். அப்பளக் கட்டு, புளி, வற்றல், நல்லெண்ணெய், காப்பித் தூள் முதலிய இவை தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் கிடைக்காத பொருள்கள் அல்ல. ஆயினும், “இதே புளி அங்கே என்ன விலை, இங்கே என்ன விலை!” என்று நாம் கணக்கிட்டுப் பார்க்காத நாளில்லை. ஊருக்கு ஊர் இவ்வாறாயின், நாட்டுக்கு நாடு விலை மாறுவதில் வியப்பென்ன? ஒரே பொருள் ஓரிடத்தில் மலிவாகவும் பிறிதோரிடத்தில் அருமையாகவும் விற்பதன் காரணம் யாது? விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் அடுக்களையில் அருகருகே இருக்கும் மிளகையும் உப்பையும் கேட்டாலே போதும்.

முதலில் மிளகைக் கேட்போம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் ரோமானிய அறிஞர், தம் நகரில் கருமிளகு ஒரு ராத்தலுக்கு 4 தெனாரியஸ் வெள்ளிக் காசு விலை பெற்றதைக் குறித்து வைத்துள்ளார். இந்தியச் சரக்குகள் அடக்க விலையைப் போல் நூறு மடங்குக்கு விற்கின்றன என்றும் அவர் குறைப்பட்டுக் கொண்டார். அவர் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். எனினும், மலைச்சாரலில் கொடியாய்ப் படரும் ஒரு பொருள் ரோமாபுரியில் செல்வர் பண்டமாகி விட்டதில் ஐயமில்லை. கி.பி. 408இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் என்னும் காத்தியத் தலைவன், நகரத்தை விடுவிக்கக் கேட்ட பொருள்களில் பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

இவ்விலை எவ்வாறு ஏறிற்று? மிளகு சென்ற வழியே விடை கூறும். சேரநாட்டு முசிறியில் யவனர் மரக்கலங்கள் பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றிலும் உண்டு. அக்கலங்கள் பருவக்காற்றின் துணைகொண்டு கடல் கடந்து செங்கடல் துறைகளை அடையும். அங்கே மூட்டைகள் ஒட்டகங்களின் முதுகேறிப் பாலைவனத்தைக் கடக்கும். பிறகு நைல் நதியில் படகேறி அலெக்சாந்திரியா சேரும். மீண்டும் கப்பலேறி இத்தாலிக் கரை காணும். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் கூலி உண்டு. கலம் மூழ்கினால் நட்டமும் உண்டு. இவற்றோடு, எல்லையில் ரோமானிய அரசு சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகப் பெற்றுக் கொண்டது. ஆக, மிளகின் விலையை ஏற்றியவை இரண்டு: ஒன்று தொலைவு, மற்றொன்று வாயில். வாயில் என்று நாம் கூறுவது, பொருளை மறித்துப் பணம் பெறுவோர் நிற்கும் இடத்தை.

இவ்விரண்டில் வலியது எது என்பதைப் பிற்கால வரலாறு காட்டுகிறது. 15ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பார்ஸ்பாய், தம் நாட்டின் வழியே சென்ற மிளகு வாணிகத்தைத் தமக்கே உரிய ஏகபோகமாக்கினார். அவரிடம் வாங்கிய வெனிஸ் நகர வணிகர், தம் ஆதாயத்தையும் சேர்த்து ஐரோப்பாவுக்கு விற்றனர். 1498இல் வாஸ்கோட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டு கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். புதிய வழியில் எகிப்தின் சுங்கமும் இல்லை; வெனிஸ் வணிகரும் இல்லை. ஆகவே மிளகு விலை அடியோடு வீழ்ந்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. போர்த்துக்கல் மன்னர் மிளகைத் தமது ஏகபோகமாக்கிக் கொண்டார். தம் அனுமதிச் சீட்டின்றி இந்தியக் கடலில் ஓடும் கலங்களைப் போர்த்துக்கீசியர் பிடித்தனர். பழைய வாயில்காவலர் போய்ப் புதிய வாயில்காவலர் வந்தார், அவ்வளவே. அந்த நூற்றாண்டின் நடுவிலேயே மிளகு மீண்டும் செங்கடல் வழியாக வெனிசுக்குச் செல்லலாயிற்று.

இதிலிருந்து ஒரு பொதுவிதி புலனாகிறது. ஒரு பொருள் ஓரிடத்தில் மலிவாகவும் வேறோரிடத்தில் அருமையாகவும் இருப்பின், மலிந்த இடத்தில் வாங்கி அருகிய இடத்தில் விற்க வணிகர் விரைவர். அதனால் அங்கே விலை சற்று ஏறும். இங்கே சற்று இறங்கும். இறுதியில் இரண்டிற்கும் இடையே எஞ்சுவது வண்டிச் சத்தமும் வணிகனின் நியாயமான ஊதியமுமே. அதற்கு மேலும் வேறுபாடு நீடித்தால், வழியில் எங்கோ ஒரு வாயில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

19ஆம் நூற்றாண்டில் தொலைவு சுருங்கிற்று. நீராவிக் கப்பலும் இருப்புப்பாதையும் தந்தியும் வந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதன் பயனை அரிசியின் விலையில் காணலாம். 1873இல் ரங்கூன் விலையினும் லண்டனில் அரிசி நூற்றுக்கு 93 பங்கு மிகுதியாக விற்றது; 1913இல் அம்மிகுதி 26 பங்காகக் குறைந்தது. அந்த ரங்கூன் அரிசியின் பின்னே, வயல் திருத்தக் கடன் கொடுத்த செட்டிநாட்டாரும், கூலிக்குக் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தற்கில்லை.

கடல்வழி இவ்வாறு திறந்த அதே 1869இல், நம் நாட்டின் உள்ளே ஒரு பெரும் வாயில் அடைபட்டு நின்றது. இனிப் பேச வேண்டியது உப்பு.

பிரிட்டிஷ் ஆட்சியில் உப்பு வரி எல்லா மாகாணங்களிலும் ஒரே அளவாக இருக்கவில்லை. 1869க்குப் பின், ஓர் அரசாங்க மணங்கு, அதாவது ஏறக்குறைய 37 கிலோ உப்புக்கு வங்காளத்தில் வரி 3 ரூபாய் 4 அணா. வடமேற்குப் பகுதிகளில் 3 ரூபாய். சென்னை, பம்பாய் மாகாணங்களில் 1 ரூபாய் 13 அணா. ராஜபுதனத்துச் சுதேச சமஸ்தானங்களிலோ, சாம்பர் ஏரி முதலிய இடங்களில் உப்பு மலிவாகக் கிடைத்தது. மலிந்த இடத்திலிருந்து அருகிய இடத்துக்குப் பொருள் ஓடும் என்னும் விதி உப்புக்கும் உண்டு. அவ்வோட்டத்தைத் தடுக்க அரசினர் செய்த ஏற்பாடுதான் உள்நாட்டுச் சுங்க எல்லை.

அவ்வெல்லை சிந்து நதியிலிருந்து மகாநதி வரையில் சுமார் 2,300 மைல் நீண்டிருந்தது. ஏறக்குறைய 12,000 பேர் அதைக் காவல் புரிந்தனர். அதன் பெரும்பகுதி, இலந்தையும் கருவேலும் களாவும் சப்பாத்திக்கள்ளியும் நெருங்கி வளர்ந்த முள்வேலி. நன்கு வளர்ந்த இடங்களில் அது 10 முதல் 14 அடி உயரமும், 6 முதல் 12 அடி அகலமும் கொண்டிருந்தது. மனிதரோ மாடோ வண்டியோ சோதனைக்கு உட்படாமல் அதைக் கடத்தல் இயலாது. மேற்கிலிருந்து வரும் உப்புக்கு வரி; கிழக்கிலிருந்து செல்லும் சர்க்கரைக்கும் வரி. இவ்வேலியை வளர்ப்பதில் பெருமுயற்சி செய்த சுங்க ஆணையர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் இந்திய தேசியக் காங்கிரஸ் தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் முன்னின்றவரும் அவரே.

மிளகு இல்லாமல் ஐரோப்பியர் உயிர் வாழ்ந்திருப்பர். உப்பின்றி வாழ்தல் எவர்க்கும் அரிது. வெயிலில் வியர்வை சிந்தி உழைப்பவனுக்கோ அது மற்றவரினும் மிகுதியாக வேண்டும். செல்வன் உண்ணும் உப்பும் ஏழை உண்ணும் உப்பும் அளவில் பெரிதும் வேறுபடுவதில்லை. ஆகவே செல்வனுக்கு உறைக்காத அவ்வரி, ஏழையின் கூலியில் பெரும்பங்கைக் கொண்டு போயிற்று.

சாம்பர் ஏரியை அரசினர் 1870ஆம் ஆண்டளவில் குத்தகைக்குப் பெற்றபின், உப்பு விளையும் இடத்திலேயே வரி வாங்குதல் எளிதாயிற்று. வரியை எங்கும் ஏறத்தாழ ஒரே அளவாக்கினால் வேலியும் வேண்டா என்று முடிவாயிற்று. 1879 ஏப்ரலில் அவ்வேலி கைவிடப்பட்டது. ஆனால் வரி சமமான முறையைக் கேளுங்கள். வங்காளத்தில் சிறிது குறைத்தனர். சென்னையிலும் பம்பாயிலும் 1 ரூபாய் 13 அணாவை 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தினர். எந்தக் காலத்தில்? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பஞ்சம் தலைவிரித்தாடி, இலட்சக்கணக்கானோர் மாண்ட காலத்தில்! விலை ஒன்றாயிற்று, நியாயம் பிறக்கவில்லை. 1882இல்தான் வரி 2 ரூபாயாகக் குறைந்தது. 1930இல் தண்டியில் காந்தியடிகளும் வேதாரணியத்தில் ராஜாஜியும் ஒரு பிடி உப்பைக் கையில் எடுத்தபோது, மக்கள் அதன் பொருளை விளக்கமின்றியே உணர்ந்தனர். 1947இல் அவ்வரி ஒழிந்தது.

தொலைவையும் வாயிலையும் நீக்கிவிட்டால் எல்லா நாடுகளிலும் விலை ஒன்றாகிவிடுமா என்று நேயர்கள் கேட்கலாம். ஆகாது. மூன்றாவது காரணம் ஒன்றுண்டு, அது கை. மிளகு கப்பலேறும், முடி திருத்துவோரின் கத்தரி வேலை கப்பலேறாது. மதுரையில் ஒருவர் முடி திருத்தும் நேரமும் லண்டனில் ஒருவர் முடி திருத்தும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் லண்டன்காரர் பெறும் கூலி பன்மடங்கு. ஏன்? அந்நாட்டு ஆலைகளில் இயந்திரத்தின் துணையால் ஒருவர் ஆக்கும் பொருளின் மதிப்பு மிகுதி. அதற்கேற்பக் கூலியும் மிகுதி. அதற்கு நிகரான கூலி தராவிடின் கத்தரி பிடிக்க அங்கே ஆள் கிடைக்காது. 1964இல் பேலா பலாசா, பால் சாமுவெல்சன் ஆகிய பொருளியலறிஞர் இருவரும் தனித்தனியே இதனை விளக்கினர். லண்டன் உணவு விடுதியில் ஒரு கிண்ணம் மிளகு ரசத்தின் விலையைக் கேட்டு நாம் திகைக்கிறோம். அவ்விலையில் மிளகுக்குச் செல்வது சிறுபங்கே. பரிமாறுவோர் கூலியும் கட்டட வாடகையுமே பெரும்பங்கு.

ஆக, ஒரு பொருளின் விலை அப்பொருளுக்குள் மட்டும் இருப்பதன்று. அது வந்த தொலைவில் ஒரு பகுதி, கடந்த வாயிலில் ஒரு பகுதி, அதைத் தொட்ட கையில் ஒரு பகுதி இருக்கிறது. தொலைவு இயற்கை தந்தது. அதைக் கப்பலும் இரயிலும் சுருக்கும். கையின் கூலி ஒருவரது பிழைப்பு; அது உயர்தல் நன்றே. வாயில் ஒன்றே முற்றிலும் மனிதர் வைத்தது. வாயில் யாவும் தீயது என்று நாம் கூறவில்லை. அரசு நடக்க வரி வேண்டும். யாரிடம் பெற்று யாருக்குச் செலவிடுகிறார்கள் என்பதே கேள்வி.

2017 ஜூலை முதல் நாளில் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. பழைய முள்வேலியோ எப்போதோ மறைந்தது. உத்தரப் பிரதேசத்து எட்டாவா மாவட்டத்தில் அதன் எச்சம் சிறிது எஞ்சியிருத்தல் பிற்காலத்தில் கண்டறியப்பட்டது. ஊர் சென்று திரும்பும் வழியில், நாம் ஏறிய இரயில் அவ்வேலி நின்ற நிலத்தை எவர் தடையுமின்றிக் கடந்து போகிறது. நம் பெட்டியில் இருக்கும் புளியையும் உப்பையும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.