ஏடு ஒன்று, உரை பல

பழைய நூலொன்றைப் போற்றுவது எளிது, தூற்றுவதும் எளிது. அது எந்தக் காலத்தில், எந்தச் சூழலில், எதற்காக எழுந்தது என்று ஆராய்வதே அரிது. பகுத்தறிவாளர் என்று நம்மை நாமே அழைத்துக்கொண்டால் போதாது. அந்த அரிய பணிக்கும் நாம் பழகவேண்டும். யூதர் மறையிலுள்ள 'ஆபகூக்' என்னும் சிறு நூலின் வரலாறு அதற்கு நல்ல பாடமாகும்.

மூன்றே அதிகாரங்கள், 56 வசனங்கள். நாட்டிலே கொடுமை தலைவிரித்தாடுகிறது, நீதி புரட்டப்படுகிறது, ஆண்டவன் ஏன் வாளாவிருக்கிறான் என்று கேட்கிறான் ஆபகூக். கல்தேயரை ஏவித் தண்டிப்பதாக விடை வருகிறது. தீயோரை ஒறுக்க அவரினும் தீயோரையா ஏவுவது என்று மீண்டும் கேட்கிறான்! முடிவில் அவன் நம்பிக்கையிலேயே அடைக்கலம் புகுகிறான்; ஆயினும் கேட்ட கேள்வி ஏட்டில் நிற்கிறது.

பக்தர் இதனை வருங்காலம் உரைத்த வாக்கு என்றனர். வரலாற்றறிஞரோ காலத்தைத் தேடினர். கல்தேயராகிய பாபிலோனியர் மேதியரோடு சேர்ந்து நினிவேயை வீழ்த்தியது கி.மு. 612, எகிப்தியப் படையைக் கர்கெமிசில் முறியடித்தது கி.மு. 605; எருசலேம் அவர்கட்குப் பணிந்தது கி.மு. 597. அந்தப் பேரரசு எழுந்து வந்த ஆண்டுகளின் குரலே இந்நூல் என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிபு.

செர்மானிய அறிஞர் பெர்னார்ட் டூம் 1906 இல் இதனை மறுத்தார். 'கல்தேயர்' எனும் சொல் ஏடெழுதியோர் பிழை. 'கித்தீம்' என்றே இருந்திருக்கவேண்டும். அது கிரேக்கரைக் குறிக்கும். எனவே நூல் அலெக்சாந்தர் காலத்தது என்றார். கூர்மையான ஊகந்தான். ஆனால் சான்று?

1947 இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் ஆட்டிடையர் கண்டெடுத்த சுருள்களுள் ஆபகூக்கிற்கு எழுதிய பழைய உரையொன்றும் இருந்தது. அதன் மூலவரியில் 'கல்தேயர்' என்றே காணப்பட்டது. அடுத்து வரும் உரையில்தான் 'இது கித்தீமைக் குறிக்கும்' என்ற விளக்கம்! அந்த உரைகாரர் கருதிய கித்தீம், தம் காலத்தில் படையெடுத்து வந்த உரோமரே என்பர் ஆய்வாளர். தம் காலத்துப் பகைவரை முன்னோர் ஏட்டில் கண்டார் அவர். அறிஞர் டூமின் ஊகமோ சான்றின் முன் நிலைகுலைந்தது.

அச்சுருளில் மூன்றாம் அதிகாரத்திற்கு உரை இல்லை. அவ்வதிகாரம் பிற்சேர்க்கை என்றோர்க்கு இது வலுவூட்டியது. ஆனால் 1955 இல் முரபாத் பள்ளத்தாக்கில் கிடைத்த வேறொரு சுருளில் அது இருந்தது. உரை இல்லாமையால் மூலமும் இல்லை என்று முடிவு கட்டலாகாது என்பது விளங்கிற்று.

இனி ஒரு வரியின் பயணத்தைக் காண்போம். நேர்மையாளன் தன் உண்மைப் பற்றினால் வாழ்வான் என்னும் பொருள்பட வருவது ஆபகூக்கின் ஒரு வசனம். கும்ரான் உரைகாரர் அதனைத் தம் குழுவின் ஆசானிடம் கொண்ட பற்று என்றார். பவுல், கிறித்துவின்மீது கொண்ட விசுவாசம் என்றார். பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர் அதனைக் கொண்டே போப்பாண்டவரின் அதிகாரத்தை எதிர்த்தார். அந்த லூத்தர் வழிவந்த சீகன்பால்கு, 1706 இல், நன்னிலத்திலிருந்து நாம் ஒரு காலைப்பொழுதில் சென்றடையும் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் தொடங்கிய பழைய ஏற்பாட்டின் தமிழாக்கத்தைப் பின்வந்த சூல்ச்சு முடித்தார். பாபிலோனைக் கண்டு கலங்கியவன் குரல் காவிரிக் கரையில் தமிழாயிற்று!

இந்தப் பாடம் யூதர் ஏட்டிற்கு மட்டுமா? நம் குறளை எண்ணிப் பாருங்கள். பிறப்பால் உயிர்களெல்லாம் நிகர் என்றவர் வள்ளுவர். அவர் மனுவின் பெயரை எங்கும் கூறவில்லை. பல நூற்றாண்டு கழித்து வந்த பரிமேலழகரோ அறத்திற்கு இலக்கணம் கூறப் புகுந்து, மனு முதலிய நூல்களையே அளவுகோலாக்கினார். அவர் புலமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் கித்தீம் உரைகாரருடையது, மனுவும் உரைகாரருடையது. மூலத்தை அந்தப் பழிக்கு ஆளாக்கலாமா?

மூலம் வேறு, உரை வேறு. உரைகாரர் காலம் வேறு. இந்த மூன்றையும் பிரித்தறிவோம். நம் ஊகத்திற்கு மாறாகச் சான்று கிடைப்பின், டூமின் கருத்தைக் கைவிட்டதுபோல் நம் கருத்தையும் கைவிடத் துணிவோம். பிறர் ஏட்டை உரசும் கல்லிலேயே நம் ஏட்டையும், நம் கொள்கையையும் உரசிப் பார்ப்பதன்றோ பகுத்தறிவு!