யோகா, பார் பயிற்சி வகுப்புகளில் சேருமுன் அறிந்துகொள்ள வேண்டியவை

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுவலி போன்ற நீண்டகால நோய்களுக்குச் சிகிச்சை பெறுவோரை உடற்பயிற்சி செய்யுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவது வழக்கம். அதன்படி, வீட்டருகே உள்ள பயிற்சிக்கூடத்தில் யோகா வகுப்பிலோ, அண்மைக் காலமாக நகரங்களில் பரவிவரும் பார் வகுப்பிலோ சேர விரும்புவோர் பலர். பெரும்பாலானோருக்கு இது நல்ல முடிவே. ஆயினும், அங்கே நலமாக இருப்பவரும் நோயுற்றவரும் அருகருகே நின்று ஒரே அசைவைச் செய்கின்றனர். யாருக்கு என்ன நோய் என்பது பயிற்சியாளருக்குப் பார்த்தவுடன் தெரியாது. ஆகவே, தமக்குப் பொருந்தாத அசைவுகள் எவை என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்து, அதனைப் பயிற்சியாளரிடம் தெரிவித்துவிடுவதே பாதுகாப்பின் முதற்படியாகும்.

இவ்வகுப்புகளில் என்ன செய்யப்படுகிறது?

யோகா வகுப்பில் ஆசனங்கள், மூச்சுப்பயிற்சி, இறுதியில் ஓய்வு ஆகியவை இடம்பெறும். ஆனால் எல்லா வகுப்புகளும் ஒன்றல்ல. சிலவற்றில் ஒவ்வோர் ஆசனமும் மெதுவாகச் செய்யப்படும். வின்யாசா போன்ற முறைகளில் ஆசனங்கள் இடைவிடாமல் தொடரும். சில கூடங்களில் அறையைச் சூடேற்றியும் வகுப்பு நடத்துகின்றனர்.

'பார்' என்பது பாலே நடனக் கலைஞர்கள் பயிற்சியின்போது பற்றிக்கொள்ளும் கிடைமட்டக் கைப்பிடிக் கம்பியின் பெயர். ஜெர்மனியில் பிறந்த நடனக் கலைஞர் லோட்டே பெர்க், முதுகில் ஏற்பட்ட காயத்துக்குப் பின், நடனப் பயிற்சியையும் மறுவாழ்வுப் பயிற்சியையும் இணைத்து இம்முறையை உருவாக்கினார். 1959-இல் லண்டனில் தமது பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். இதில் சேர நடனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கம்பியைப் பற்றியவாறு குதிகாலை உயர்த்துதல், முழங்காலை மடக்கி அந்நிலையிலேயே நிற்றல், சிறு அசைவுகளைப் பலமுறை செய்தல் ஆகியவை இதன் அடிப்படை. அப்போது தொடைத் தசைகள் நடுங்குவது இயல்பே.

எத்தகைய பயனை எதிர்பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். வாரத்தில் இரு நாள்களேனும் தசைகளை வலுவாக்கும் பயிற்சி தேவை. 65 வயதைக் கடந்தோர் மூன்று நாள்களேனும் உடற்சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பார் வகுப்பும் மெதுவான யோகா வகுப்பும் பெரிதும் உதவுவது தசை வலுவுக்கும் சமநிலைக்குமே. மிதமான உழைப்பின்போது பேச முடியும், பாட முடியாது. வகுப்பில் அந்த அளவுக்கு மூச்சு வாங்கவில்லையெனில், வகுப்பில் சேர்ந்த பின்னரும் நடைப்பயிற்சியைத் தொடர வேண்டும். எந்த வகுப்பும் மருந்துக்கு மாற்றாகாது. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ கூடாது.

நோய்க்கேற்ற முன்னெச்சரிக்கைகள்

உயர் இரத்த அழுத்தம்: அளவு 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால், மருத்துவரைக் கண்ட பின்னரே வகுப்புக்குச் செல்ல வேண்டும். ஒரே நிலையில் நிற்கும்போது பலர் தம்மை அறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். இதனால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். எனவே மூச்சு சீராக ஓட வேண்டும். மூச்சை அடக்கும் கும்பகம், வேகமான கபாலபாதி, பஸ்திரிகா, தலைகீழ் ஆசனங்கள் ஆகியவற்றை மருத்துவ ஆலோசனையின்றிச் செய்யக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோர் தரையிலிருந்து மெதுவாக எழ வேண்டும். இல்லையேல் தலைசுற்றல் ஏற்படலாம்.

நீரிழிவு: யோகாவை அதிகாலையில் வெறும் வயிற்றில் செய்வது நம்மிடையே உள்ள மரபு. இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் இது ஆபத்தாகலாம். இவர்கள் வகுப்புக்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் சிறிது உணவு உண்ட பின்னரே தொடங்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். உடனே பயிற்சியை நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருக வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, அளவு 70-க்குக் கீழ் இருந்தால் மறுபடியும் பருக வேண்டும். பார் பயிற்சியின் நடுக்கமும் தாழ்சர்க்கரையின் நடுக்கமும் ஒன்றுபோல் தோன்றக்கூடும். கால் அசைவை நிறுத்தி ஓய்வெடுத்த பின்னும் நடுக்கம் நீங்காவிடில், அதனைத் தாழ்சர்க்கரையாகவே கருத வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தோர் வெறுங்காலுடன் பயிற்சி செய்யாமல், வழுக்காத காலுறை அணிந்து, வகுப்புக்குப் பின் பாதங்களைப் பார்வையிட வேண்டும்.

கண் நோய்கள்: சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் வெகுவாக உயரும். கிளாக்கோமா எனப்படும் கண் நீரழுத்த நோய் உள்ளோரும், நீரிழிவால் விழித்திரையில் முற்றிய பாதிப்பு உள்ளோரும் தலை தாழ்ந்திருக்கும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும்.

எலும்பு அடர்த்திக் குறைவு: மாதவிடாய் நின்ற பெண்களிடமும் முதியோரிடமும் இது அதிகம். முதுகை வளைத்து முன்னே குனியும் பச்சிமோத்தாசனம் போன்றவையும், முதுகெலும்பை வலிந்து முறுக்கும் ஆசனங்களும் முதுகெலும்பு முறிவை உண்டாக்கலாம். முதுகை நிமிர்த்தி, இடுப்பிலிருந்து சற்றே சாய்வது போதுமானது.

முழங்கால் மூட்டுத் தேய்மானம்: முழங்காலை ஆழமாக மடக்குதல், பத்மாசனம், வஜ்ராசனம் ஆகியவற்றுக்கு மாற்றாக நாற்காலியைப் பயன்படுத்தலாம். கம்பி சுவரில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா எனப் பார்க்கவும். நகர்த்தக்கூடிய கம்பியின் மீது உடல் எடை முழுவதையும் சாய்க்கக் கூடாது.

கர்ப்ப காலம்: மகப்பேறு மருத்துவரின் ஒப்புதல் அவசியம். சூடேற்றிய அறை, நெடுநேரம் மல்லாந்து படுத்தல், குப்புறப் படுத்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். சூடேற்றிய அறை இதய நோயாளிகளுக்கும் ஏற்றதன்று.

அறுவை சிகிச்சைக்குப் பின்: வயிறு, கண், முதுகு, மூட்டு என எந்த அறுவை சிகிச்சையாயினும், எப்போது, எந்த அசைவுடன் தொடங்கலாம் என்பதை அறுவை மருத்துவரே முடிவு செய்வார்.

பயிற்சியாளரிடம் தெரிவிக்க வேண்டியவை

பிறர் முன்னிலையில் நோயைக் கூறக் கூச்சப்பட்டு மௌனமாக இருப்போர் உண்டு. வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகச் சென்றால் தனியே பேசலாம். நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்து, செய்த அறுவை சிகிச்சை, மருத்துவர் தவிர்க்கச் சொன்ன அசைவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். "வலித்தாலும் தொடருங்கள்" என வற்புறுத்தும் வகுப்பிலிருந்து விலகிக்கொள்வதே நன்று.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சுவலி, நெஞ்சில் இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி
• ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல்
• மயக்கம், திடீர்ப் பார்வைக் குறைவு
• முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல்

இவற்றில் எது தோன்றினாலும் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். பயிற்சி செய்த ஓரிரு நாள்களில் தசைகள் வலிப்பது இயல்பு. ஆனால் கடும் தசைவலியுடன் சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

முதல் சில வகுப்புகளுக்கு நோயாளியுடன் செல்லுங்கள். குடிநீர், சர்க்கரை, மருந்துச்சீட்டு ஆகியவற்றைப் பையில் வைத்திருங்கள். அவசரத் தொடர்பு எண்ணைக் கூடத்தில் பதிவு செய்யுங்கள். கட்டணம் செலுத்திவிட்டோம் என்பதற்காக, உடல்நலம் குன்றிய நாளில் அவரை வகுப்புக்கு அனுப்ப வேண்டாம்.

கட்டணக் கூடங்களுக்குச் செல்ல இயலாதோர், அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இயங்கும் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவை அணுகலாம். வீட்டைவிட்டு வெளியே வர இயலாதோருக்கு, 2021 ஆகஸ்ட் முதல் தமிழ்நாட்டில் செயல்படும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. ஐயங்கள் இருப்பின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்டறியலாம்.