புற்றுநோய் அபாயத்தைக் காட்டிக்கொடுக்கும் பக்டீரியா: ஏம்ஸ் சோதனை

ஓர் இரசாயனம் புற்றுநோயை உண்டாக்குமா என எலிகளில் சோதித்தறிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். செலவும் பெரிது. நாம் நாளாந்தம் புழங்கும் ஆயிரக்கணக்கான இரசாயனங்களை எல்லாம் இப்படிச் சோதித்து முடிக்க இயலாது. இதற்கு 1970களின் தொடக்கத்தில் ஒரு சுருக்கவழி கண்டவர் அமெரிக்காவின் பேர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூஸ் ஏம்ஸ்.

சாதாரண சல்மொனெல்லா பக்டீரியா, தான் வளரத் தேவையான ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஏம்ஸ் தெரிந்தெடுத்த வகைக்கு, பரம்பரையலகில் உள்ள ஒரு பழுதினால் அது முடியாது. ஹிஸ்டிடின் மிகச் சொற்பமாக உள்ள தட்டில் இட்டால் வளர்ச்சி விரைவில் நின்றுவிடும். ஆனால், சேர்க்கப்படும் இரசாயனம் டிஎன்ஏயில் விகாரத்தை, அதாவது மாற்றத்தை, உண்டாக்கினால், சில பக்டீரியாக்களில் அந்தப் பழுது தற்செயலாகத் திருந்திவிடும். அவை மட்டும் பெருகி, 37 பாகை செல்சியசில் இரண்டு நாட்களில் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாகும். அவற்றை எண்ணுவதே சோதனை.

இரசாயனம் சேர்க்காத தட்டிலும் சில புள்ளிகள் தோன்றும். விகாரம் தானாகவும் நிகழும். ஆரம்ப மீதியைப் பாராமல் கணக்கை முடிக்க முடியாதது போல, இந்தத் தட்டோடு ஒப்பிடாமல் முடிவு சொல்ல முடியாது.

சில பொருட்கள் நமது ஈரலில் மாற்றமடைந்த பின்னரே கேடு செய்கின்றன. பூஞ்சணம் பிடித்த கச்சானில் உண்டாகும் அஃப்லாரொக்சின் அப்படிப்பட்டது. பக்டீரியாவுக்கு ஈரல் இல்லை. அதனால் எலியின் ஈரற்சாறும் தட்டில் சேர்க்கப்படுகிறது.

இச்சோதனை நமது வீட்டுப் பொருட்கள் வரை வந்தது. 1975இல் ஏம்ஸ் குழுவினர் சோதித்த 169 தலைமயிர்ச் சாயங்களில் 150 விகாரத்தை உண்டாக்கின. சிறுவர்களின் இரவு உடைகளில் தீப்பற்றாமலிருக்கச் சேர்க்கப்பட்ட டிரிஸ் என்ற இரசாயனமும் இதில் அகப்பட்டது. 1977இல் அமெரிக்கா அத்தகைய உடைகளைத் தடைசெய்தது.

எனினும் இது எச்சரிக்கை மட்டுமே, தீர்ப்பு அல்ல. புற்றுநோயை உண்டாக்கும் அஸ்பெஸ்டோஸ் இச்சோதனையில் அகப்படுவதில்லை. மறுபுறம், இதில் அகப்படும் எல்லாப் பொருட்களும் மனிதருக்குப் புற்றுநோயைத் தருவதில்லை. உடலுக்குள் செல்லும் அளவும் முக்கியம். ஆகவே ஒரு பொருள் 'ஏம்ஸ் சோதனையில் தேறியது' என்று வாசித்தால், அது முதலாவது வாசலைத் தாண்டியிருக்கிறது என்றே நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.